கணினி செய்த ஊரும் புதிர் விளையாட்டும்

ஐதராபாத்தின் வடகிழக்கில், செகந்திராபாத்திலிருந்து மௌலா அலி வழியாகவும் சைனிக்புரி வழியாகவும் சென்றடையக்கூடிய ஏ.எஸ்.ராவ் நகர், மின்னணுவியல் அறிஞர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கும் குடியிருப்புப் பகுதியாகும். அய்யகாரி சாம்பசிவ ராவ் 1914-இல் கோதாவரிக் கரைப் பகுதியில் பிறந்து, பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டிலும் பயின்று, ஹோமி பாபாவின் அணுசக்தித் திட்டத்திற்குத் தேவைப்பட்ட மின்னணுக் கருவிகளை உள்நாட்டிலேயே செய்துகொள்ளும் பிரிவை டிராம்பேயில் வளர்த்தெடுத்தவர். அந்தப் பிரிவின் தொடர்ச்சியாக 1967 ஏப்ரல் 11 அன்று இந்திய மின்னணுக் கழகம், அதாவது ஊரார் இன்றுவரை இ.சி.ஐ.எல். என்றே அழைக்கும் அரசு நிறுவனம், ஐதராபாத்தில் தொடங்கப்பட்டபோது அதன் முதல் நிர்வாக இயக்குநராக அவரே பொறுப்பேற்றார். ஆலையைச் சுற்றிக் குஷாய்குடா, கமலா நகர், காப்ரா எனக் குடியிருப்புகள் பெருகின. ஆலையின் ஊழியர்களுக்கென உருவான மனைப்பகுதி அதன் நிறுவனரின் பெயரைப் பெற்றது.

இந்தியாவின் தொடக்ககாலக் கணினிகள் வடிவம் பெற்ற இந்த வட்டாரத்தை முன்வைத்து, கணினியோடு பிறந்த ஒரு கதைவடிவத்தின் வரலாற்றைப் பார்ப்பது பயனுள்ளது. சாகச விளையாட்டு என்று அறியப்படும் அந்த வடிவத்தில், ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, இடம்விட்டு இடம் சென்று, பொருள்களைச் சேகரித்து, புதிர்களை அவிழ்த்துக் கதையை முன்னகர்த்துகிறார். கைவேகத்திற்கு அங்கே பெரிய வேலையில்லை, கவனிப்புக்கும் ஊகத்திற்குமே வேலை. கேஷுவல் விளையாட்டு என்பது அதன் பிற்கால எளிய கிளை. நீண்ட பயிற்சியோ விலையுயர்ந்த கருவியோ இல்லாமல், வேலைக்கு இடையில் கிடைக்கும் அரைமணி நேரத்தில் ஆடி நிறுத்தி மீண்டும் தொடரத்தக்க வகையில் அமைக்கப்பட்டவற்றையே அப்பெயர் குறிக்கிறது. கணினி 1969-லேயே இங்கே செய்யப்பட்டிருக்க, கணினியின் இந்தக் கலைவடிவம் மட்டும் ஏன் பல பத்தாண்டுகள் கழித்து, வேறு வாசல் வழியாக இந்நகருக்குள் வந்தது என்பது ஆராயத்தக்க கேள்வி.

அந்த வடிவத்தின் தோற்றம் நன்கு பதிவாகியுள்ளது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய வில் குரோதர், பிற்கால இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்புக்கு மென்பொருள் எழுதியவர்களுள் ஒருவர். ஓய்வு நேரத்தில் கென்டக்கியின் மாமத் குகைத்தொடரை அளந்து வரைபடம் ஆக்கிய குழுவிலும் இருந்தவர். மணமுறிவுக்குப் பின் தம் மகள்களுக்காக, தாம் அளந்த குகையின் ஒரு பகுதியையே களமாகக் கொண்டு, பி.டி.பி.-10 என்ற பெருங்கணினியில் ஃபோர்ட்ரான் மொழியில் ஒரு விளையாட்டை 1970-களின் நடுவில் அவர் எழுதினார். படமே இல்லாத அந்த விளையாட்டில் கணினி இடத்தைச் சொற்களால் விவரிக்கும். ஆடுபவர் ஓரிரு சொற்களில் கட்டளை தட்டுவார். அது வலையமைப்பின் வழியே கணினிக்குக் கணினி பரவியது. ஸ்டான்ஃபோர்டில் அதன் படி ஒன்றைக் கண்டெடுத்த டான் உட்ஸ், ஆசிரியரின் இருப்பிடம் தெரியாத நிலையில், வலையமைப்பில் அன்றிருந்த கணினிகள் அனைத்திலும் குரோதர் என்ற பெயருக்கு மடல் அனுப்பி அவரைக் கண்டுபிடித்தார். அவரது இசைவுடன் 1977-இல் புதையல்களையும் புதிர்களையும் சேர்த்து அதை விரிவாக்கினார். ஆடியவர் ஒருவர் ஆக்கியவரைத் தேடிச் சென்று பேசிய பேச்சிலிருந்தே இந்த வடிவம் முழுமை பெற்றது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பின்னாளில் இதன் வரலாறு முழுவதும் ஆடுவோரின் உரையாடலோடு பின்னிக் கிடப்பதற்கு இதுவே தொடக்கம்.

அதே ஆண்டில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் நால்வர், குகை விளையாட்டை அவிழ்த்து முடித்த வேகத்தில் ஸோர்க் என்ற தங்கள் படைப்பைத் தொடங்கினர். 1979-இல் அமைந்த இன்ஃபோகாம் நிறுவனம் அதை வீட்டுக் கணினிகளுக்குக் கொண்டு வந்தது. விளையாட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு புதிய சிக்கல் எழுந்தது. ஆய்வகத்தில் ஆடியவருக்கு அடுத்த இருக்கையில் கேட்க ஆளிருந்தது; வீட்டில் தனியே ஆடியவர் ஒரு புதிரில் முட்டிக்கொண்டால் வாரக்கணக்கில் அங்கேயே நின்றார். இதற்கு இன்ஃபோகாம் 1982 முதல் வெளியிட்ட குறிப்பு நூல்கள் ஒரு நுட்பமான விடையை அளித்தன. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே பல குறிப்புகள் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சிடப்பட்டிருக்கும். தனிப் பேனாவால் தேய்க்கும்போது ஒவ்வொன்றாகத் தெரியவரும். முதற்குறிப்பு மெல்லிய சாடையாகவும் கடைசிக் குறிப்பு நேரடி விடையாகவும் இருக்கும். கேள்விகளைப் படித்தே கதையின் போக்கை ஒருவர் ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக, விளையாட்டில் இல்லாத நிகழ்ச்சிகளைப் பற்றிய பொய்க் கேள்விகளும் இடையில் கலக்கப்பட்டன. விடையைச் சொல்லாமல் விடையை நோக்கி நகர்த்தும் நண்பரின் பேச்சை அச்சில் கொண்டுவர முயன்ற இந்த நூல்கள், இவ்வடிவத்தின் அழகியல் எங்கே இருக்கிறது என்பதை வேறெந்த ஆய்வுரையையும்விடத் தெளிவாகக் காட்டுகின்றன.

இதே ஆண்டுகளில் ஐதராபாத்தில் நிகழ்ந்தது வேறொரு கதை. டிராம்பே டிஜிட்டல் கம்ப்யூட்டர் என்பதன் சுருக்கமான டி.டி.சி. என்ற வரிசையில், 12 பிட் சொல்நீளம் கொண்ட டி.டி.சி.-12 கணினி 1969-இல் வெளிவந்தது, டி.டி.சி.-312, 16 பிட் கணினியான டி.டி.சி.-316 ஆகியவை 1970-களின் நடுவிலும், நுண்செயலியை அடிப்படையாகக் கொண்ட மைக்ரோ-78 அப்பத்தாண்டின் இறுதியிலும் தொடர்ந்தன. வெளிநாட்டுச் செலாவணிப் பற்றாக்குறையும் இறக்குமதிக் கட்டுப்பாடும் நிலவிய சூழலில், அணுசக்தித் துறைக்கும் அரசுத் துறைகளுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் தேவையான கணிப்புத் திறனைத் தன் நாட்டுப் பொறியாளர்களைக் கொண்டே உருவாக்கியது பெரிய சாதனை. அதைச் செய்தவர்களின் உழைப்புக்கு உரிய வரலாறு இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை என்பது வருந்தத்தக்கது. ஆயினும் பி.டி.பி.-10 போன்ற, ஒரே நேரத்தில் பலர் தத்தம் முனையத்தில் அமர்ந்து பயன்படுத்தத்தக்க பெருங்கணினியோடு இச்சிறு கணினிகளை அளவில் ஒப்பிட முடியாது. அதைவிட முக்கியமானது நேரம். நாட்டிலேயே எண்ணத்தக்க அளவில் இருந்த கருவிகளின் ஒவ்வொரு மணி நேரமும் ஏதேனும் ஒரு கணக்கீட்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. இரவில் சும்மா ஓடிக்கொண்டிருக்கும் கணினியும், அதன் முன் மேற்பார்வையின்றி அமர்ந்திருக்கும் இளைஞரும், அவரது விளையாட்டை அடுத்த ஆய்வகத்துக்குக் கடத்தும் வலையமைப்பும் சேர்ந்த இடத்தில்தான் குகை விளையாட்டு பிறந்தது. இம்மூன்றுமே அன்று இங்கு இல்லை. திறமைக் குறைவை இதற்குக் காரணமாகச் சொல்வோர் வரலாற்றைத் தவறாகப் படிக்கிறார்கள். கருவியை வீணாக்கும் உரிமை எவருக்கும் இல்லாதிருந்ததே காரணம்.

இ.சி.ஐ.எல். பொதுமக்களை அடைந்தது கணினி வழியாக அல்ல, திரை வழியாக. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையோடு ஆந்திரம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி ஒளிபரப்பிய சைட் எனப்படும் சோதனைத் திட்டத்திற்கு, கிராமங்களில் வைக்கப்பட்ட பெட்டிகளைச் செய்தது இந்நிறுவனமே. பின்னர் ஈ.சி. என்ற வணிகப் பெயரில் அதன் தொலைக்காட்சிப் பெட்டிகள் வீடுகளுக்குச் சென்றன. தேர்தல் ஆணையத்திற்காக மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் முன்மாதிரி 1979-இல் இங்கே உருவானது என்பதும் இந்த வட்டாரத்தின் பெருமைகளுள் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்து ஒரு பொத்தானை அழுத்தித் தம் முடிவைக் கருவிக்குத் தெரிவிக்கலாம் என்ற வடிவமைப்புச் சிந்தனை அதில் இருக்கிறது. சாகச விளையாட்டைச் செய்தவர்கள் வெகு தொலைவில், வேறு நோக்கத்திற்காக, இதே திசையில் நகர்ந்துகொண்டிருந்த காலம் அது.

கட்டளையைத் தட்டுவதிலிருந்து படத்தைச் சுட்டுவதற்கு வந்த அந்த நகர்வு பத்தாண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. 1980-இல் ராபர்ட்டா வில்லியம்ஸும் அவர் கணவர் கென் வில்லியம்ஸும் ஆப்பிள் 2 கணினிக்குச் செய்த மிஸ்டரி ஹவுஸ், சொற்களோடு கோட்டுப் படங்களையும் காட்டியது. அவர்களது நிறுவனம் 1984-இல் வெளியிட்ட கிங்ஸ் குவெஸ்ட் விளையாட்டில்தான் பாத்திரம் திரையில் நடக்கத் தொடங்கியது. மரத்திற்குப் பின்னால் சென்றால் மறைந்து, முன்னால் வந்தால் மரத்தை மறைத்தது. அசைவூட்டம், அதாவது சிறு சிறு வேறுபாடு கொண்ட படங்களை வேகமாக அடுத்தடுத்துக் காட்டி அசைவின் தோற்றத்தை உண்டாக்கும் உத்தி, இங்கே அலங்காரமாக வரவில்லை. பாத்திரம் எங்கே நிற்கிறது, எதை எட்ட முடியும் என்பதே புதிரின் பகுதியாயிற்று. 1987-இல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் வெளியிட்ட மேனியக் மேன்ஷனில் ரான் கில்பர்ட்டும் கேரி வின்னிக்கும் ‘திற’, ‘எடு’, ‘கொடு’ போன்ற வினைகளைத் திரையின் அடியிலேயே பட்டியலிட்டு, தட்டெழுத்தின் தேவையை நீக்கினர். ஜோர்டன் மெக்னர் தம் தம்பி ஓடுவதையும் குதிப்பதையும் படம்பிடித்து, அப்படங்களின் மேல் வரைந்து உருவாக்கிய பிரின்ஸ் ஆஃப் பெர்சியா 1989-இல் வந்தது. கத்திச் சண்டையும் பொறிகளும் நிறைந்த அது சாகச விளையாட்டின் கண்டிப்பான இலக்கணத்துக்குள் அடங்காது என்றாலும், இந்தியப் பள்ளி, கல்லூரிக் கணினிக் கூடங்களில் ஒரு தலைமுறை முதன்முதலாகக் கண்ட உயிருள்ள பாத்திரம் அதன் வெள்ளுடை இளவரசனே.

1984-இல் மைய அரசு தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம் பிரிட்டனின் பி.பி.சி. மைக்ரோ கணினிகளை முதலில் 250 மேல்நிலைப் பள்ளிகளுக்குக் கொண்டு சென்றது. அதே ஆண்டு நவம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய கணினிக் கொள்கை இறக்குமதித் தடைகளைத் தளர்த்தியது. கணினியின் மணி நேரம் மெல்ல மெல்ல மலிவானது. அப்போதும் ஒரு கணினியைச் சுற்றிப் பலர் என்பதே இந்தியக் கூடங்களின் நிலை. ஒருவர் விசைப்பலகையில் கைவைக்க, மற்றவர்கள் ‘அந்தக் கல்லை மிதிக்காதே’, ‘திரும்பிப் போ’ என்று தோளுக்கு மேலிருந்து சொல்ல, விளையாட்டு கூட்டாகவே ஆடப்பட்டது. அமெரிக்க வீடுகளில் கண்ணுக்குத் தெரியாத மை செய்த வேலையை இங்கே சுற்றி நின்றவர்களின் வாய் செய்தது.

ஆடுவோர் பேச்சின் பெரும்பகுதி, எல்லா நாடுகளிலும், நியாயத்தைப் பற்றியது. கிங்ஸ் குவெஸ்டில் ஒரு குள்ளனின் பெயரை ஊகித்துத் தட்ட வேண்டிய கட்டம் வருகிறது. பின்னோக்கிச் சிந்திப்பது சில நேரம் நல்லது என்ற குறிப்பு அதற்குக் கிடைக்கிறது. ஐரோப்பிய நாடோடிக் கதையின் ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின் என்ற பெயரைக் கண்டுபிடித்து அதைக் கடைசி எழுத்திலிருந்து எழுதியவர்கள் தோற்றனர். ஆங்கில நெடுங்கணக்கையே தலைகீழாக்கி, முதலெழுத்துக்குக் கடைசி எழுத்து என்ற முறையில் மாற்றி எழுதுவதே ஏற்கப்பட்ட விடை. 1999-இல் வெளிவந்த கேப்ரியல் நைட் வரிசையின் மூன்றாம் விளையாட்டில், மீசையே இல்லாத ஒருவரைப் போல வேடமிடுவதற்காகப் பூனை முடியைச் சேகரித்து மீசை செய்ய வேண்டியிருந்தது. சாகச விளையாட்டு ஏன் வீழ்ந்தது என்ற வாதத்தில் இன்றும் முதல் சான்றாக எடுத்துக்காட்டப்படுவது அதுவே. ரான் கில்பர்ட் 1989-லேயே இத்தகைய குறைகளைக் கண்டித்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார். தவறவிட்ட ஒரு பொருளுக்காக மணிக்கணக்கில் ஆடிய ஆட்டம் வீணாகக் கூடாது, அறியாமல் செய்த செயலுக்குச் சாவு தண்டனையாகக் கூடாது என்ற அவரது கொள்கை, அடுத்த ஆண்டு அவர் செய்த மங்கி ஐலண்டில் நடைமுறைக்கு வந்தது.

இந்த விவாதம் தமிழ் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் பிசி என்ற வடிவத்தை எடுத்துரைத்து, உவமையின் வழியே பொருளைக் குறிப்பது, தோன்றுவதைச் சொல்லி அதனால் துணியவைப்பது என இருவகையாகப் பிரிக்கிறது. இரண்டிலும் விடைக்கான வழி வினாவுக்குள்ளேயே இருந்தாக வேண்டும் என்பது அடிப்படை. விடை தெரிந்த பின் ‘இது முன்பே தெரிந்திருக்க வேண்டுமே’ என்று கேட்டவர் நினைத்தால் விடுகதை நல்லது. ‘இதை யாரால் ஊகிக்க முடியும்’ என்று நினைத்தால் அது சொன்னவரின் தவறு. தெலுங்கு நாட்டில் பொடுப்பு கதைகள் என வழங்கும் விடுகதைகளுக்கும் இதுவே அளவுகோல். பூனை முடி மீசை இந்த அளவுகோலில் தோற்கிறது.

கேஷுவல் கிளை இந்தத் தோல்வியின் சாம்பலிலிருந்து எழுந்தது. 1993-இல் ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற சகோதரர்கள் உருவாக்கிய மிஸ்ட் அதற்கு ஒரு முன்னோட்டம். ஆளரவமற்ற ஒரு தீவில், சாவோ கால நெருக்கடியோ இல்லாமல், எந்திரங்களின் இயக்கத்தைக் கவனித்து அறியும் அந்த விளையாட்டு 60 லட்சம் படிகளுக்கு மேல் விற்று, அதுவரை விளையாட்டே ஆடாதவர்களைக் கணினிமுன் அமர்த்தியது. சியாட்டலில் 2002-இல் தொடங்கப்பட்ட பிக் ஃபிஷ் கேம்ஸ், 2005-இல் மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ் வரிசையின் முதல் விளையாட்டை வெளியிட்டது. பொருள் நெருக்கம் மிகுந்த ஓர் ஓவியத்துக்குள் பட்டியலில் உள்ளவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பது அதன் அடிப்படை. 2008-இல் வெளியான ரிட்டர்ன் டு ரேவன்ஹர்ஸ்ட் அந்தத் தேடலோடு பழைய சாகச விளையாட்டின் பூட்டுகளையும் எந்திரப் புதிர்களையும் இணைத்து, இன்று வரை நீடிக்கும் கலவையை உருவாக்கியது. இவ்விளையாட்டுகளில் குறிப்பு கேட்பதற்கென ஒரு பொத்தான் உண்டு. ஒருமுறை அழுத்தினால் அது மீண்டும் நிரம்பச் சிறிது நேரம் ஆகும். நடுத்தர வயதைக் கடந்த பெண்கள் பெருந்திரளாக ஆடுவோராக வந்தது இந்தக் கிளையில்தான். விமர்சகர்கள் பலர் இதனாலேயே இதைத் தாழ்வாக மதித்தது அநீதி. ஓர் ஓவியத்தை அங்குலம் அங்குலமாகப் பார்க்கும் பழக்கத்தை இத்தனை பேருக்கு ஊட்டிய வடிவம் குறைந்ததன்று.

செக் நாட்டின் யாகுப் டுவோர்ஸ்கி தலைமையில் அமானிட்டா டிசைன் 2009-இல் வெளியிட்ட மெஷினேரியம் தனியே கவனிக்கத்தக்கது. உரையாடலே இல்லாமல், கையால் வரைந்த துருப்பிடித்த நகரத்தில், ஒரு சிறு எந்திர மனிதன் தன் தோழியைத் தேடும் கதை அது. அவன் தன் உடலை நீட்டவும் சுருக்கவும் முடியும். கைக்கெட்டும் தூரத்திலுள்ள பொருளை மட்டுமே தொட முடியும். உயரத்தில் உள்ள கம்பியை எடுக்க நீள வேண்டும், தாழ்ந்த துளையில் கைவிடக் குறுக வேண்டும் என்பதால், பாத்திரத்தின் உடலும் அதன் அசைவும் புதிரும் ஒரே பொருளாகின்றன. முழு விடையைக் காட்டும் படநூல் ஒன்று உள்ளே இருக்கிறது. அதைத் திறக்க ஒரு சிறு ஆட்டத்தை முதலில் வென்றாக வேண்டும். இன்ஃபோகாமின் கண்ணுக்குத் தெரியாத மையிலிருந்து நேராக வந்த சிந்தனை இது.

இதற்குள் ஐதராபாத் அசைவூட்டத் தொழிலின் பெருநகரங்களுள் ஒன்றாகியிருந்தது. ராஜீவ் சிலகா 2001-இல் தொடங்கிய கிரீன் கோல்ட் அனிமேஷன், 2008-இல் போகோ தொலைக்காட்சியில் சோட்டா பீம் தொடரை வெளியிட்டு, டோலக்பூர் என்ற கற்பனை ஊரை இந்தியக் குழந்தைகள் அனைவருக்கும் அறிமுகமாக்கியது. தபஸ் சக்கரவர்த்தியின் டி.க்யூ. என்டர்டெயின்மென்ட் ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களுக்கான தொடர்களை இங்கிருந்து வரைந்து அனுப்பியது. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸும் கேம்லாஃப்ட்டும் கைப்பேசி விளையாட்டுகளுக்கான கூடங்களை நகரில் நடத்தின. கதையும் பாத்திரமும் வேறிடத்தில் தீர்மானிக்கப்பட, வரைதலும் அசைத்தலும் சோதித்தலும் இங்கே செய்யப்படும் ஒப்பந்த வேலைமுறை பல்லாயிரம் இளைஞர்களுக்குச் சோறு போட்டது, கைத்திறனையும் வளர்த்தது. புதிரை யோசிக்கும் இருக்கை மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. தொழில் படத்தின் வழியாக வந்ததால், இந்நகரின் விளையாட்டுகளில் படம் முந்திக்கொண்டது, புதிர் பின்தங்கியது.

இதற்கு மிகத் தெளிவான சான்று 2008-இல் ஐதராபாத்தின் எஃப்.எக்ஸ். லேப்ஸ் உருவாக்கிய கஜினி விளையாட்டு. ஏ.ஆர்.முருகதாஸ் 2005-இல் தமிழில் எடுத்து 2008-இல் இந்தியில் மறுபடியும் எடுத்த திரைப்படத்தின் நாயகன், தலையில் பட்ட அடியால் கால் மணி நேரத்திற்கு மேல் எதையும் நினைவில் வைத்திருக்க இயலாதவன். உடம்பில் குத்திய பச்சையையும் குறிப்பு எழுதிய நிழற்படங்களையும் கொண்டு தன் பகைவனைத் தேடுபவன். சாகச விளையாட்டுக்கென்றே பிறந்த பாத்திரம் என்று சொல்லத்தக்கவன் அவன். குறிப்புகளைச் சேர்த்தல், ஒன்றோடொன்று பொருத்துதல், மறந்ததை மீட்டல் என்ற மூன்றும் அவன் வாழ்க்கையாகவே அமைந்திருக்கின்றன. ஆனால் முப்பரிமாணத்தில் உருவான இந்தியாவின் முதற் கணினி விளையாட்டுகளுள் ஒன்றாக விளம்பரம் பெற்ற அந்தப் படைப்பு, எதிரிகளை அடித்து வீழ்த்தும் சண்டை விளையாட்டாகவே வெளிவந்தது. சோட்டா பீமும் கைப்பேசிக்கு வந்தபோது ஓடவும் பந்தயத்தில் வண்டி ஓட்டவுமே அழைக்கப்பட்டான். பாத்திரம் இருந்தது, அசைவு இருந்தது, அவன் தலைக்குள் ஆடுபவர் நுழைவதற்கான வாசல் இல்லை.

அந்த வாசலுக்கு வேண்டிய மரபு அருகிலேயே இருக்கிறது. ஐதராபாத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில், இன்றைய சித்திப்பேட்டை மாவட்டத்திலுள்ள சேரியாலில், நகாஷி ஓவியர்கள் நீண்ட துணிச்சுருளில் கதையைக் கட்டம் கட்டமாக வரைகின்றனர். கதை சொல்லும் சமூகத்தார் அச்சுருளை விரித்து, ஒவ்வொரு கட்டமாகக் காட்டிப் பாடிக் கதை சொல்வர். ஆந்திரத்தின் தோலு பொம்மலாட்டத்திலும் தமிழகத்தின் தோல்பாவைக்கூத்திலும், மூட்டுகளில் இணைக்கப்பட்ட தோல் உறுப்புகளை அசைத்து, விளக்கொளியில் பாத்திரங்களை உயிர்ப்பிக்கிறார்கள். புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-இல் வெளியிட்ட ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக் இந்த மரபைத் தொட்டது. தம்பி கோலுவை அசுரனிடமிருந்து மீட்கச் செல்லும் ராஜியின் கதையில், இடைக்காட்சிகள் நிழற்பாவை வடிவில் வருகின்றன. துர்க்கையும் திருமாலும் கதை சொல்லிகளாகப் பேசுகின்றனர். சண்டைக்கு இடையே சுழலும் வட்டங்களைப் பொருத்திப் படத்தை முழுமையாக்கும் எளிய புதிர்கள் அமைந்துள்ளன.

புதிரும் அசைவும் பாத்திரமும் ஒன்றான விளையாட்டு, தமிழில் சிந்தித்த ஒருவரிடமிருந்து, டொரண்டோவில் பிறந்தது. அபி என்று அறியப்படும் வடிவமைப்பாளரின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட வெண்பா, 1980-களில் கனடாவில் குடியேறி வாழும் வெண்பா, அவள் கணவன் பாவலன், அவர்கள் மகன் கவின் ஆகிய மூவரின் கதை. சாம் எல்கானா அமைத்த ஓவியப் பாணியில் முகங்கள் பெரிய கண்களோடும் சிறு அசைவுகளோடும் பேசுகின்றன. சமைக்கும்போது வானொலியில் வரும் பாடல்கள் அந்தந்தப் பத்தாண்டின் தமிழ்த் திரையிசையை நினைவூட்டும்படி புதிதாக அமைக்கப்பட்டவை. வெண்பாவின் தாய் எழுதிய சமையல் குறிப்பேடு கிழிந்தும் மை கலைந்தும் போயிருக்கிறது. எஞ்சிய வரிகளையும் கோட்டுப் படங்களையும் வைத்து விடுபட்ட படிகளை ஊகித்துச் சமைப்பதே புதிர். தவறினால் தண்டனை இல்லை, மீண்டும் தொடங்கலாம். பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு 2024-இல் இதற்கு முதல் படைப்புக்கான விருதை வழங்கியது. சுதந்திர விளையாட்டு விழாவின் முதற் பரிசும் அதே ஆண்டில் கிடைத்தது.

இதன் முதற்புதிர் இட்லி. மாவை ஊற்றிய தட்டுகளைப் பானைக்குள் எப்படி அடுக்குவது என்பது குறிப்பேட்டில் அழிந்திருக்கிறது. குழிக்கு மேல் குழி நேராக வந்தால் ஆவி ஏறாது, மேல்தட்டின் அடி கீழ் இட்லியை நசுக்கும். தட்டைத் திருப்பி, குழிக்கு மேல் துளை வருமாறு மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். தமிழ் வீட்டில் வளர்ந்தவர் இதைக் குறிப்பேட்டைப் பாராமலே செய்துவிடுகிறார். அறியாதவர் தட்டின் வடிவத்தைக் கவனித்து, ஆவி எந்த வழியாக ஏறும் என்று யோசித்து அதே விடைக்கு வருகிறார். ஒருவருக்கு நினைவு, மற்றவருக்குத் தர்க்கம். விடை இரண்டு வழியிலும் வினாவுக்குள்ளேயே இருக்கிறது. பிற்பகுதியில் வளர்ந்த கவின் அடுப்பருகே நிற்கும்போது நிலைமை மாறுகிறது. அவனுக்குத் தமிழ் அரைகுறை. பாட்டியின் எழுத்தைத் தட்டுத் தடுமாறிப் படித்துத் தனக்குத் தெரிந்த அளவில் பொருள் கொள்கிறான். அதுவரை தாயின் கைகளால் எளிதாகச் சமைத்துவந்த ஆடுபவர், அவனது தயக்கத்தையும் தவறான ஊகங்களையும் அவனாகவே இருந்து செய்ய வேண்டியிருக்கிறது. குறிப்பேட்டில் கலைந்த மை இப்போது அவன் இழந்த மொழியாகவும் இருக்கிறது. புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் இவ்விளையாட்டைப் பற்றிப் பேசும்போது மீண்டும் மீண்டும் திரும்பி வருவது இந்தக் கட்டத்துக்கே; அவர்களுள் பலர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு விடை கேட்டது தங்கள் தாயிடம்.